வேல் போட்ட வாட்ச்

நாமக்கல்லில் பாடி கட்டி இறங்கிய லாரிகளில் பாதிக்கு எழுத்து எழுதியவர் ராசப்பன் என்று அவர் மனைவி பாவாயி சொல்வாள். பாதி என்பது மிகை. ஆனால் வள்ளிபுரம் பட்டறைகளில் அவர் பிரஷ் படாத வண்டி குறைவு. நம்பர், பெர்மிட், முதலாளியின் குலசாமி, பின்கதவில் தோகை விரித்த மயில் எல்லாம் அவர் கை.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பழைய பெயின்ட் மேல் புதுப் பெயின்ட் அடிக்க மாட்டார். எஃப்.சி.க்குப் போகிற வண்டி என்றால் மற்றவர்கள் அழுக்கைத் துடைத்துவிட்டு மேலே ஒரு கோட் இழுத்து அனுப்பிவிடுவார்கள். வருடத்துக்கொரு முறை வண்டி ஓடத் தகுதியானதா என்று அதிகாரி பார்க்கும் அந்தச் சோதனைக்குப் பளபளப்பு போதும். ராசப்பனுக்குப் போதாது. தகரம் தெரியும்வரை சுரண்டுவார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். அப்புறம்தான் பிரஷ்ஷைத் தொடுவார்.

அந்தப் பிடிவாதம்தான் அவர் பெயரைக் கெடுத்தது.

அவருடைய அண்ணன் தண்டாயுதபாணி பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது ஒரு டிரங்குப் பெட்டியும் கம்பளியும் கையில் ஒரு கடிகாரமும் கொண்டுவந்தார். கருப்பு முகம். எண்கள் ஒரு காலத்தில் இருட்டில் ஒளிர்ந்தவை. பன்னிரண்டுக்குக் கீழே மேல்நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. ராணுவச் சொத்து என்பதற்கு அதுதான் முத்திரை. ஊரில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்த தண்டாயுதபாணியும் விளையாட்டாகத்தான் சொல்வார்: "எம் பேருக்குத் தோதா முருகன் வேலு போட்டுக் குடுத்துட்டாங்கப்பா." கபிலர்மலைக்குக் காவடி எடுக்கும் குடும்பம். தம்பி அதை அப்படியே நம்பினார்.

தண்டாயுதபாணி ஊர் வந்து ஏழெட்டு வருடம்தான் இருந்தார். கிணற்றில் மோட்டாரை இறக்கும்போது மின்சாரம் தாக்கிச் செத்துப்போனார். தண்ணீரில் நனையக் கூடாதென்று கழற்றிக் கிணற்று மேட்டில் வைத்த கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முன்னால் அண்ணி நல்லம்மாள் அதை எடுத்துக்கொண்டு ராசப்பனிடம் வந்தாள். அண்ணியை அவர் நங்கை என்றுதான் கூப்பிடுவார்; அந்தப் பக்கத்து வழக்கம்.

"ஓடுதுங் கொழுந்தனாரே. ஆனா மூஞ்சிதான் வெத்தலச் சாறு துப்புன மாதிரி இருக்குது. பூசைல வெக்கோணும். என்னமாச்சும் பண்ணிக் குடுங்க."

ராசப்பன் தன் வாழ்நாளில் அவ்வளவு சின்னதாக எதையும் எழுதியதில்லை. வாட்ச் கடைக்காரரிடம் கொடுத்து முகத்தட்டை மட்டும் கழற்றி வாங்கினார். தகரம் தெரியும்வரை சுரண்டினார். கருப்பு அடித்து, அணில்மயிர் பிரஷ்ஷில் வெள்ளையைத் தொட்டுப் பன்னிரண்டு எண்களும் எழுதினார். அம்புக்குறி இருந்த இடத்தில், அண்ணன் சொன்னபடியே, இலை விரிந்த வேல் ஒன்று வரைந்தார். பின்மூடியில் ஏதோ கீறலும் எண்ணுமாகக் கிடந்ததைப் பட்டறை பஃப் மிஷினில் கொடுத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினார். எஃப்.சி. முடிந்த வண்டியைப் போல அதை நல்லம்மாளிடம் ஒப்படைத்தார். அவள் அழுதாள். அவரும் அழுதார்.

நல்லம்மாள் புதன்சந்தைக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். அவர்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. கோழிக்குப் பொழுது கணக்கு முக்கியம். விடியுமுன் கொட்டகையில் விளக்கு எரிய வேண்டும். அந்த வேலை அவளுடையது. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுப் போய் விளக்கைப் போடுவாள். பிறகு தானாகவே விளக்கு போடும் கருவி வந்தது. சாவி கொடுப்பதை அவள் விடவில்லை.

போன வருடம்வரை.

மகள் வயிற்றுப் பேரன் மணிமாறன், முட்டை ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவன், கெட்ட எண்ணம் இல்லாதவன். பழைய ராணுவக் கடிகாரம் சேர்ப்பவர்களின் குழு ஒன்றில் அதன் படத்தைப் போட்டு, இது எந்தக் காலத்தது என்று கேட்டான். பதில் சிரிப்பும் கும்மாளமுமாக வந்தது. முகம் முழுக்க மறுபெயின்ட். பின்மூடியில் எண் இல்லை. 'அரோ மார்க்குக்கு வேல் வரைஞ்ச கோயில் பெயின்டர் யாருப்பா?' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'பக்திமான் ரெஜிமென்ட்' என்று இன்னொருவர்.

மணிமாறன் அதைப் பாட்டியிடம் சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் சாவி கொடுக்கவில்லை.

"பொய்க் கடியாரத்துல எதுக்கு மணி பாக்கோணும்?" என்றாளாம். அன்றிலிருந்து பேச்சும் குறைந்தது. புருசன் பட்டாளத்தில் இருந்ததே மெய்தானா என்று ஒருநாள் மகளிடம் கேட்டிருக்கிறாள்.

செய்தி ராசப்பனுக்கு வந்தது. அவருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: நங்கை மறுபடியும் அதற்குச் சாவி கொடுக்க வேண்டும். கடிகாரத்தை வாங்கிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினார்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மகள் தனப்பிரியா வேலை செய்தாள். ஆலைகளின் அளவுகோல்களையும் அழுத்தமானிகளையும் சோதிக்கும் கூடம். கருவி சரியாகக் காட்டினால் கையெழுத்துப் போடுவாள். இல்லையென்றால் சிவப்புச் சீட்டு ஒட்டுவாள். வேலையும் அவ்வளவுதான், பேச்சும் அவ்வளவுதான்.

அவள் லென்ஸைக் கண்ணில் வைத்து முகத்தட்டைப் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா, பழசுக்கு மேலயே அடிச்சீங்களா, சுரண்டிட்டு அடிச்சீங்களா?"

ராசப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சுரண்டாம அடிக்கறதுக்குப் பேரு தொழிலா சாமி? வெறும் தகரம் பாத்துட்டுத்தான் அடிச்சேன்."

தனப்பிரியா லென்ஸைக் கீழே வைத்தாள். மேலேயே அடித்திருந்தால் புதுப் பெயின்ட்டைக் கரைத்து எடுத்துவிடலாம். கீழே பழைய எண்களும் அம்புக்குறியும் அப்படியே இருந்திருக்கும். அதை அவரிடம் சொன்னாள். சொல்லாமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

அவர் இருமிக்கொண்டே யோசித்தார். இருமல் அப்போதே ஆரம்பித்திருந்தது.

"அப்ப அரகொற வேலக்காரன்கிட்டப் போயிருந்தா நங்கை தப்பிச்சிருக்குமாக்கு."

இதே மாதிரி மெய்யான கடிகாரம் ஒன்றை வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவது என்பது அவர் யோசனைதான். உடம்பு ஒன்று, பின்மூடி ஒன்று, பட்டை மாட்டும் கம்பி ஒன்று என்று காட்டினால் நங்கைக்குப் புரியும். முகம் மட்டும்தான் தன் கைவேலை என்று சொல்லிவிடலாம். போனில் தேட மகள் கற்றுக்கொடுத்தாள். பத்து நாளில் முதல் பார்சல் வந்தது.

பாவாயிக்குக் கொண்டாட்டம். "எங்கூட்டுக்காரரு பட்டாளத்துல சேரப் போறாரு. வயசு எழுவதாச்சு. வாட்ச் மொதல்ல வந்துருக்குது, துப்பாக்கி பின்னால வரும்" என்று தெருவெல்லாம் சொன்னாள்.

கடிகாரம் அழகாக இருந்தது. ராசப்பன் சந்தோஷமாகச் சேலத்துக்குக் கொண்டுபோனார். தனப்பிரியா போன் வெளிச்சத்தை அதன்மேல் கொஞ்சம் காட்டிவிட்டு விளக்கை அணைத்தாள். எண்கள் பச்சையாக எரிந்தன.

"பொய்ங்கப்பா."

"நல்லா எரியுதே கண்ணு!"

"அதுனாலதான் பொய். அந்தக் காலத்து மருந்து இத்தன வருசம் கழிச்சு எரியாது. இது நேத்து பூசுனது."

அடுத்தது எரியவில்லை. பின்மூடியில் எண்ணும் இருந்தது. அவள் அதை நுண்ணோக்கியில் வைத்து அவரைப் பார்க்கச் சொன்னாள். எழுத்தின் ஓரங்கள் பிளேடு போலக் கூராக நின்றன. அச்சால் அடித்த எழுத்து ஓரம் மழுங்கிப் பிதுங்கியிருக்கும். இது லேசரில் வெட்டியது. பட்டை மாட்டும் கம்பியும் கழன்று வந்தது. ராணுவக் கடிகாரத்தில் அது உடம்போடு பற்றவைத்திருக்கும், ஓடும்போது தெறிக்கக் கூடாதென்று.

"எழுத்தப் பாத்தா எனக்கே தெரிஞ்சிருக்கோணும்" என்றார் ராசப்பன். "ஆறுக்கும் ஒம்பதுக்கும் ஒரே வயிறு. மனுசன் எழுதுனா அப்படி வராது."

"இனிமே அழகாப் பாக்காதீங்கப்பா. அசிங்கமாப் பாருங்க. விக்கறவனுக்கே அது என்னன்னு தெரியாம இருக்கோணும்."

"நல்லாருக்குதே நாயம்! அழுக்கு வண்டியக் கொண்டுபோய் நிறுத்துனா எஃப்.சி. ஆபீசரு பெரம்பத் தூக்குவான். இங்க அழுக்கா இருந்தாத்தான் பாஸா?"

மூன்றாவது ஒரு மலையூரிலிருந்து வந்தது. இறந்துபோன மாமாவின் அலமாரியைக் காலி செய்த யாரோ, 'பழைய வாட்ச், ஓடலாம்' என்று மட்டும் எழுதி விற்றது. முகம் பழுப்பேறி, எண்கள் காய்ந்த வைக்கோல் நிறத்தில் இருந்தன. தனப்பிரியா முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினாள். முள் நின்றிருந்த இடத்தில் அதன் நிழல் தங்கியிருந்தது. பல வருடம் ஒரே இடத்தில் நின்ற முள்ளில் பூசியிருந்த ரேடியம் மருந்து, அடியிலிருந்த தட்டைச் சுட்டுக் கறையாக்கியிருந்தது. அதை யாராலும் வரைய முடியாது.

வெல்டிங் சோதனை செய்யும் தோழியிடம் கதிர்வீச்சுமானி இரவல் வாங்கி வந்தாள். முதல் இரண்டின் மேல் வைத்தபோது அது சும்மா இருந்தது. மூன்றாவதன் மேல் வைத்ததும் எண்ணெயில் கடுகு பொரிவது போலப் பொரிந்தது. பெரியப்பாவின் கடிகாரத்துக்கு அருகில் கொண்டுபோனாள். மெல்ல, விட்டு விட்டு, அதுவும் பொரிந்தது. சுரண்டியும் போகாத தூள் இடுக்குகளில் இருந்தது.

சுரண்டிய தூளை அப்பா வாயால்தான் ஊதித் தள்ளியிருப்பார். பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்குவது எழுத்துக்காரர்களின் வழக்கம். அவருடைய இருமலுக்கும் அதற்கும் முடிச்சுப் போட அவள் படித்த படிப்பு இடம் கொடுக்கவில்லை. அளவு சிறியது, நாற்பது வருடத் தின்னரும் பீடியும் அதைவிடப் பெரியவை. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்றும் செய்தாள். அச்சு அடிக்கும்போது எழுத்துக்கு அடியில் உள்ள எஃகும் நசுங்கும். மேலே தேய்த்து அழித்தாலும் நசுங்கிய இடம் அமிலத்தில் வேறு நிறம் காட்டும். பெரியப்பாவின் பின்மூடியில் துளித்துளியாக அமிலம் தொட்டு வைத்துக் காத்திருந்தாள். முதலில் அம்புக்குறியின் ஒரு பக்கம் தெரிந்தது. பிறகு இரண்டு எண்கள், அரைகுறையாக. படம் எடுத்துக்கொண்டாள். அவள் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் புதன்சந்தைக்குப் போனார்கள். கொட்டகையில் கோழிகள் சளசளத்தன. நல்லம்மாள் கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மணிமாறன் நாற்காலி எடுத்துப் போட்டான்.

"வாங் கொழுந்தனாரே. எளச்சுப் போயிட்டீங்களே. பாவாயி சோறு போடறதில்லீங்களா?"

"போடறாங் நங்கை. இருமல்தான் அதத் தின்னுபோடுது."

அவர் வாயெல்லாம் சிரிப்பாக, துண்டை விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதப் பாருங் நங்கை. இது மெய்யான பட்டாளத்து வாட்சு, பார்சல்ல வாங்கியாந்தேன். மெய்யானது இப்படித்தான் அழுக்கா இருக்குமாம். நம்முளுதும் இப்படித்தான இருந்துச்சு? நாந்தான் சுரண்டிப்போட்டு எழுதுனேன். மத்தபடி ஒடம்பு ரண்டும் ஒண்ணு. பாப்பா மிஷின்ல வெச்சே பாத்துருச்சு."

நல்லம்மாள் கீரையைத் தள்ளி வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். பழுப்பேறிய கடிகாரத்தை எடுத்தாள். காதில் வைத்தாள். முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"இதுதானுங் அவுருது" என்றாள்.

"இல்லீங் நங்கை. இது மலைப்பக்கத்துலிருந்து வந்தது. உங்குளுது அது."

"எனக்குத் தெரியாதுங்களா? இந்த வெத்தலச் சாத்துக் கறையப் பாத்துட்டுத்தான படுத்து எந்திரிச்சேன்." அவள் கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. "இத்தன வருசமா எங்க வெச்சிருந்தீங் கொழுந்தனாரே?"

தனப்பிரியாவுக்கு முதலில் புரிந்தது. அவள் போனை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனாள்.

"பெரீம்மா, அப்பா மாத்தல. இங்க பாருங்க. உங்க வாட்ச்சோட பின்மூடில அழிஞ்ச நம்பரு. அமிலம் வெச்சுக் கொண்டாந்தேன். அம்புக்குறியும் இருக்குது. அதுதான் பெரியப்பாவுது."

நல்லம்மாள் படத்தைப் பார்த்தாள். பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"நம்பரு எழுதறதுதான கண்ணு உங்கொப்பனுக்குத் தொழிலு."

"அம்முச்சி, சித்தி பொய் சொல்லாது" என்றான் மணிமாறன். "மிஷின்ல பாத்ததச் சொல்லுது."

"நீதாண்டா சொன்னே, அந்த வேல் போட்டது பொய்யின்னு. படிச்சவங்க அத்தன பேரு சொல்லீட்டாங்கன்னு. இப்ப அதே மெய்யுங்கறே. நேத்தைக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணா?"

தனப்பிரியாவிடம் பதில் இருந்தது. ரேடியம், மானி, எஃகு, அச்சு. ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். நல்லம்மாள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், கோழிக்கு ஊசி போட வந்த டாக்டர் பேச்சைக் கேட்பது போல. கேட்டு முடித்து, ராசப்பன் பக்கம் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை.

"போச்சாதுங்க, உடுங்க. உங்குளுக்கும் அப்ப கஷ்டகாலம். யாருக்கோ குடுத்துப்போட்டு, மனசு கேக்காம இப்பத் தேடிப் புடிச்சுக் கொண்டாந்திருக்கீங்க. அதுக்கு மேல ஒரு மனுசன் என்ன பண்ணுவான்? நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். இது வந்ததே போதும். அவரு பட்டாளத்துல இருந்தது மெய்யின்னு இப்பத்தான் மனசு ஆறுச்சு."

சொல்லிக்கொண்டே அவள் விரல் பக்கவாட்டுத் திருகைத் தேடிப் பிடித்தது. சாவி கொடுத்தாள். கிர் கிர் என்று அது ஏறியது. காதில் வைத்தாள். சிரித்தாள். வருடக்கணக்காக யாரும் அவளிடம் பார்க்காத சிரிப்பு.

ராசப்பன் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனப்பிரியா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்து, "அப்பா" என்றாள்.

"ஆமாங் நங்கை" என்றார் ராசப்பன். "தப்புத்தானுங்க. மன்னிச்சுக்கோங்க."

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார். வேல் போட்ட கடிகாரம் மகளின் பையில் இருந்தது.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"சாவி குடுத்துச்சுல்ல?"

"அது வேற யாரோட வாட்ச்சோப்பா."

"தெரியும் சாமி." எதிரே வந்த லாரியின் நெற்றியில் யாரோ எழுதிய எழுத்தைப் பார்த்தார். "நீ சிவப்புச் சீட்டு ஒட்டறவ. உனக்கு இது ஆகாது. உடு."

நல்லம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. வஞ்சகம் இல்லாமல்தான் தவறினாள். சந்தோஷம் தாங்காமல் மகளிடம் சொன்னாள், மகள் சம்பந்தியிடம் சொன்னாள். ஆறு மாதத்தில் அது ராசப்பன் குடியிருந்த நல்லிபாளையம் வரைக்கும் வந்துவிட்டது. அண்ணன் செத்த வருடமே அவன் கடிகாரத்தை விற்றுத் தின்றவன். பொய்யை எழுதிக் கொடுத்து விதவையை ஏமாற்றியவன். பட்டறையில் யாராவது வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கழுவப் போனால், "ராசப்பண்ணன் இருக்காரு, பாத்து வெய்யி" என்று சிரித்தார்கள். ராசப்பனும் கூடச் சிரித்தார். அப்புறம் பட்டறைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். பாவாயி தெருவில் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

அப்பாவின் நுரையீரல் முழுவதும் புற்று பரவிவிட்டது என்று சேலத்தில் டாக்டர் சொன்னபோது, எப்படி வந்தது என்று தனப்பிரியா கேட்டாள். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை அவளும் பலருக்குச் சொல்லியிருக்கிறாள்.

கடைசி நாட்களில் அவர் அதிகம் பேசவில்லை. ஒருமுறை மட்டும், "நங்கை சாவி குடுக்குதான்னு மணிமாறனக் கேளு" என்றார். கேட்டாள். கொடுக்கிறாளாம், தினமும். அதைச் சொன்னபோது தலையாட்டினார். அது போதும் என்ற தலையாட்டலா, மூச்சுக்காகவா, அவளுக்குத் தெரியவில்லை.

சாவு வீட்டுக்கு நல்லம்மாள் வந்தாள். மணிமாறன் கையைப் பிடித்து இறக்கினான். பிணத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கூடியிருந்த பெண்களிடம், எல்லாருக்கும் கேட்கும்படி, கண்ணீரோடு சொன்னாள்: "என்ன இருந்தாலும் தங்கமான மனசுங்க. எடுத்தத மனசாரத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் போயிருக்காரு. எத்தன பேரு குடுப்பான்?"

பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பாவாயி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தனப்பிரியா எழுந்தாள். பையில் அந்தக் கடிகாரம் இருந்தது, அமிலம் பட்ட பின்மூடியோடு. போனில் படம் இருந்தது. அத்தனையும் சொல்ல ஒரு நிமிடம் போதும். கட்டிலில் வாய் கட்டிக் கிடந்தவர் ஆமாங் நங்கை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவள் மறுபடியும் உட்கார்ந்தாள்.

வெளியே யாரோ கேட்டார்கள்: "எமகண்டம் முடிஞ்சுதுங்களா? தூக்கலாமா?"

நல்லம்மாள் சேலைத் தலைப்பை ஒதுக்கி மணிக்கட்டைப் பார்த்தாள். "முடிஞ்சுதுங்க. தூக்குங்க. இது தப்பாது, பட்டாளத்து வாட்சு."

தனப்பிரியா போனைப் பார்த்தாள். நல்லம்மாளின் கடிகாரம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. எமகண்டம் இன்னும் முடியவில்லை. போனை அவள் மடியில் கவிழ்த்து வைத்தாள். நான்கு பேர் குனிந்து ராசப்பனைத் தூக்கினார்கள்.